முதல்முறை ஸ்னோமொபைல் டூர் (ரொவானியெமி, மார்ச்): முன்பதிவு செய்வதற்கு முன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

கொங்குப்பயணி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வரும் மார்ச் மாதம் குடும்பத்தோடு பின்லாந்து, லாப்லாந்து பக்கம் போகிறோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள், அப்புறம் மாமனார். மாமனாருக்கு அறுபது தாண்டிவிட்டது, இடுப்பு வலி உண்டு, ஆனால் எதற்கும் வரமாட்டேன் என்று சொல்கிற ஆள் இல்லை. ரொவானியெமியில் வழிகாட்டியோடு போகிற ஸ்னோமொபைல் (பனிமேல் ஓடும் மோட்டார் வண்டி) டூர் ஒன்று போடலாம் என்று பார்க்கிறேன். இரண்டு மணி நேரம், நான்கு மணி நேரம், இரவில் வடதுருவ ஒளி பார்க்கப் போவது என்று மூன்று விதமாக விற்கிறார்கள். எல்லா விளம்பரத்திலும் 'முன் அனுபவம் தேவையில்லை' என்றுதான் போட்டிருக்கிறது.

நான் கல்லூரிக் காலத்திலிருந்து புல்லட் ஓட்டுகிறவன், வால்பாறை, ஊட்டி எல்லாம் மழையிலும் ஏறியிருக்கிறேன், அதனால் ஓட்டுவது பற்றிப் பெரிய பயம் இல்லை. மனைவி ஸ்கூட்டர் ஓட்டுவாள், ஆனால் பனியில் ஓட்டமாட்டேன், பின்னால் உட்கார்ந்து வருகிறேன் என்கிறாள். மகளை எப்படிக் கூட்டிப் போவது, இந்திய உரிமம் செல்லுமா, என்ன உடை, எந்த டூர் எடுப்பது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஔலுவாசி எழுதியது:

வேலை நிமித்தம் பின்லாந்தில் ஔலு நகரில் பல குளிர்காலமாக இருக்கிறேன், ஊரிலிருந்து யார் வந்தாலும் இந்த டூருக்கு அழைத்துப் போவதும் என் வேலைதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உரிமம். அங்கே நிறுவனங்கள் ஓட்டுநருக்கு 18 வயதும் செல்லுபடியாகும் கார் உரிமமும் கேட்பார்கள். டூ வீலர் உரிமம் மட்டும் வைத்திருந்தால் சில இடங்களில் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். இந்திய உரிம அட்டையை அசலாகக் கையில் கொண்டுவாருங்கள், போனில் இருக்கும் படம், டிஜிலாக்கர் எதுவும் அங்கே பேச்சுக்கே எடுபடாது. ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டால் வாசலில் நின்று வாதாட வேண்டியதில்லை. ஒரு நிறுவனம் கேட்கும், இன்னொன்று கேட்காது, அதனால் உங்கள் நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இப்போது புல்லட் விஷயம். சொல்வதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பைக் நன்றாக ஓட்டுகிறவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. ஏனென்றால் ஸ்னோமொபைலில் ஆக்சிலேட்டர் முறுக்குவது இல்லை, வலது கைப்பிடிக்கு அடியில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், அதைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். பிரேக் இடது கையில், ஒரே ஒரு பிரேக்தான். கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது. உங்கள் இடது கை இத்தனை வருடம் கிளட்ச் பிடித்துப் பழகிய கை, அது தன்னை அறியாமல் பிரேக் நெம்புகோலை முழுசாக இழுக்கும், வண்டி அப்படியே நின்றுவிடும், பின்னால் வருகிறவர் உங்கள் மேல் ஏறுவார். அதைவிட மோசம் வலது கை. வண்டி சாய்கிறது என்று பயந்து கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் கட்டைவிரலும் சேர்ந்து இறுகும், அதாவது பயப்படும் நேரத்தில் வண்டி இன்னும் வேகம் எடுக்கும். நான் கண்ணால் பார்த்த மரத்தில் மோதல்கள் எல்லாம் இந்த ஒரே காரணத்தால்தான். வழிகாட்டி முற்றத்தில் பயிற்சி கொடுக்கும்போதே, 'எது நடந்தாலும் கட்டைவிரலை விடு' என்பதை நாலைந்து முறை கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். விரலை எடுத்தாலே வண்டி சட்டென்று வேகம் குறையும், பல நேரம் பிரேக் கூடத் தேவைப்படாது.

திருப்புவதும் வேறு மாதிரி. முன்னால் இரண்டு ஸ்கீ, பின்னால் ஒரு ரப்பர் பட்டை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உடம்பை வளைவின் உள்பக்கம் சாய்த்து, லேசாக மட்டும் த்ராட்டில் கொடுத்துக்கொண்டே திரும்ப வேண்டும். வளைவின் நடுவில் அழுத்தினால் எடை முழுவதும் பின்பக்கம் போய் முன் ஸ்கீ பனியைப் பிடிக்காது, கைப்பிடியை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகத்தான் போகும்.

கால். கால் இரண்டும் எப்போதும் பலகை மேல்தான். பைக்கில் சாயும்போது காலை ஊன்றுகிறோம் இல்லையா, இங்கே அதைச் செய்யவே கூடாது. டூர் வண்டிகள் 250, 300 கிலோ எடை, காலை வெளியே நீட்டினால் அதன் அடியில் போய்விடும். வண்டி கவிழ்கிறது என்று தெரிந்தால் விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் பனியில் விழுங்கள். சிவப்புக் கயிறு ஒன்று தருவார்கள், ஒரு முனை வண்டியில், மறு முனை உங்கள் உடையில் அல்லது மணிக்கட்டில் மாட்ட வேண்டும், நீங்கள் விழுந்தால் அது பிடுங்கிக்கொண்டு என்ஜின் நின்றுவிடும். நிறுத்தி இறங்கும்போது கழற்றுகிறோம், திரும்ப ஏறும்போது மாட்ட மறக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் மாட்டுங்கள்.

அண்ணியார் பின்னால் உட்காரப் போகிறார் என்றால் இதையெல்லாம் அவர் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். பனிமலர் அக்கா வந்தால் அது பற்றி விளக்கமாகச் சொல்வார்.

வெண்குதிரை எழுதியது:

இவ்வளவு பயமுறுத்த வேண்டாம். நான் போன டூரில் முப்பது, நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவே விடவில்லை, வரிசையில் ஊர்ந்து போய் ஊர்ந்து வந்தோம். கொடுத்த பணத்துக்கு வேகமே இல்லை. பைக் ஓட்டத் தெரிந்தவர் தனி வண்டி எடுத்து, வரிசையில் கடைசியில் நின்று, இடைவெளி விட்டுவிட்டு அடித்துப் பிடித்து ஓட்டினால்தான் சுகம்.

ஔலுவாசி எழுதியது:

வெண்குதிரை, இதை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பின்லாந்தில் காட்டுவழியில் சட்டப்படி உச்ச வேகமே மணிக்கு 60 கிலோமீட்டர்தான், பின்னால் ஸ்லெட் (சறுக்கிக்கொண்டு வரும் இழுவை வண்டி) கட்டி ஆட்களை வைத்து இழுத்தால் 40. முதல்முறை வருகிறவர்கள் குழுவில் இருக்கும்போது வழிகாட்டி வரிசையில் மிகவும் தடுமாறுகிற ஆளின் வேகத்துக்குத்தான் போவார், போகவும் வேண்டும். கடைசியில் நின்று இடைவெளி விட்டுப் பாய்வதில் என்ன ஆகும் என்றால், வளைவைத் தாண்டி வரிசை நின்றிருக்கும், உங்களுக்குத் தெரியாது. இந்த டூர்களில் அதிகம் நடப்பது பின்னால் இருந்து மோதுவதுதான். முன்னால் போகிறவர் படம் எடுக்க நிறுத்துவார், கையுறையைச் சரிசெய்ய நிறுத்துவார், கலைமான் வந்துவிட்டது என்று நிறுத்துவார்.

வேகம்தான் வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது, நேர்மையான வழி: அனுபவம் உள்ளவர்களுக்கென்று தனியாகச் சிறு குழு டூர் விற்கிறார்கள், அதை எடுங்கள். குடும்பங்கள் இருக்கும் குழுவில் இந்த விளையாட்டு வேண்டாம்.

பனிமலர் எழுதியது:

கொங்குப்பயணி அண்ணா, நான் பின்னால் உட்கார்ந்தும் போயிருக்கிறேன், பிறகு தனியாக ஓட்டியும் போயிருக்கிறேன், அதனால் உங்கள் வீட்டுக்காரம்மா சார்பில் எழுதுகிறேன்.

பின்னால் உட்காருவதுதான் எளிது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஓட்டுகிறவருக்கு முன்னால் கண்ணாடி, கைப்பிடியில் சூடு, பாதையின் மேடு பள்ளம் முன்கூட்டியே கண்ணுக்குத் தெரியும், அதற்கு ஏற்ப உடம்பைத் தயார் செய்துகொள்வார். பின்னால் இருப்பவருக்கு எதுவும் தெரியாது, ஒவ்வொரு குலுக்கலும் நேராக முதுகுத்தண்டில் இறங்கும். வளைவில் ஓட்டுநர் சாயும் பக்கமே நாமும் சாய வேண்டும், பயத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் வண்டி திரும்பாது. நீங்கள் இருவரும் கிளம்பும் முன்பே ஒரு சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள். தோளில் இரண்டு தட்டு என்றால் வேகத்தைக் குறை, தொடர்ந்து தட்டினால் நிறுத்து. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தினால் யாருக்கும் கேட்காது. டூர் விலை பெரும்பாலும் 'ஒரு வண்டிக்கு இரண்டு பேர்' என்ற கணக்கில்தான் போட்டிருக்கும், பாதி வழியில் ஓட்டுநர் மாறிக்கொள்ளலாம். தனி வண்டி வேண்டும் என்றால் கூடுதல் கட்டணம். உங்கள் வீட்டுக்காரம்மாவிடம் உரிமம் இருந்தால் அதையும் கொண்டுவரச் சொல்லுங்கள், நேராக இருக்கும் ஆற்றுப் பாதையில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்க மனசு வந்தால் உரிமம் இல்லாமல் முடியாது.

மாமாவுக்கு இடுப்பு வலி என்றால் ஸ்னோமொபைலே வேண்டாம் என்பது என் கருத்து. கர்ப்பிணிகளுக்கும் இதே பதில்தான். கலைமான் வண்டி இருக்கிறது, மெதுவாகப் போகும், மேலே தோலும் கம்பளியும் போர்த்தி உட்கார வைப்பார்கள், அவருக்கு அது நிச்சயம் பிடிக்கும்.

மகள்: பொதுவாக 140 செ.மீ. உயரம் வந்தால்தான் பின்இருக்கையில் உட்கார விடுவார்கள், கால் பலகைக்கு எட்ட வேண்டும் என்பதற்காக. அதற்குக் குறைந்தால் வழிகாட்டியின் வண்டிக்குப் பின்னால் கட்டியிருக்கும் ஸ்லெட்டில்தான். அதிலும் ஹெல்மெட் போடுவார்கள். படத்தில் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் குழந்தை தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும், வண்டி கிளப்பும் பனித்தூளும் புகையும் முகத்துக்கு வரும், சில குழந்தைகள் பத்து நிமிடத்தில் தூங்கிவிடும், சிலது அழுதுகொண்டே வரும். பெரியவர் ஒருவர் கூட உட்காரலாமா என்று கேளுங்கள், அனுமதித்தால் வீட்டுக்காரம்மாவே உட்காரட்டும். சில நிறுவனங்கள் மின்சார ஸ்னோமொபைல் வைத்திருக்கின்றன, புகையும் சத்தமும் இல்லை, குழந்தையோடு போகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

இரவு டூர் முதல் டூராக வேண்டாம். இருட்டு, குளிர் இன்னும் அதிகம், முன்விளக்கு வெளிச்சத்தில் பள்ளம் எது நிழல் எது என்று பிடிபடாது, மேகம் இருந்தால் ஒளியும் தெரியாது.

கொங்குப்பயணி எழுதியது:

இருவருக்கும் ரொம்ப நன்றி. இடது கை கிளட்ச் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. உடை பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள், அங்கேயே தருவார்கள் என்று போட்டிருக்கிறது, அப்படியானால் நான் என்ன வாங்க வேண்டும்?

பனிமலர் எழுதியது:

வெளி உடை, பூட்ஸ், தடித்த கையுறை, ஹெல்மெட், ஹெல்மெட்டுக்குள் போடும் துணிமுகமூடி எல்லாம் அவர்கள் தருவார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது உள்ளே போடுவதை. பருத்தி பனியன், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பைச் சில்லிட வைக்கும். மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, அதன் மேல் ஒரு ஃப்ளீஸ் (மெத்தென்ற செயற்கை இழை மேல்சட்டை), அதற்கு மேல் அவர்கள் உடை. சாக்ஸ் ஒன்றே போதும், நல்ல கம்பளி. இரண்டு மூன்று போட்டு பூட்ஸுக்குள் காலைத் திணித்தால் ரத்த ஓட்டம் நின்று விரல்தான் முதலில் உறையும். பூட்ஸ் ஒரு அளவு பெரிதாகவே கேட்டு வாங்குங்கள்.

மூக்குத்தி, தோடு, வளையல் எல்லாம் அறையிலேயே கழற்றி வைத்துவிடச் சொல்லுங்கள், உலோகம் குளிரை நேராகத் தோலுக்குக் கடத்தும். துப்பட்டா, நீளமான ஸ்கார்ஃப் கூடாது, சுழலும் பாகத்தில் சிக்கும். முடியைப் பின்னி உடைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும்.

மார்ச் என்றால் பகலில் மைனஸ் 5 என்று போட்டிருக்கும், அதை நம்பி அசட்டையாக இருக்காதீர்கள். காலையில் மைனஸ் 20 ஆக இருந்து நீங்கள் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் முகத்துக்கு அது கிட்டத்தட்ட மைனஸ் 34 மாதிரி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருவர் முகத்தை ஒருவர் பாருங்கள், கன்னத்திலோ மூக்கு நுனியிலோ வெள்ளையாகத் திட்டு தெரிந்தால் உடனே வழிகாட்டியிடம் சொல்லுங்கள். வெறும் கையால் மூடிச் சூடேற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. பிள்ளைகளுக்கு விரல் மரத்துப்போனால் அவர்களாகச் சொல்லமாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

போன் உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும். வெளியே எடுத்து இரண்டு படம் எடுப்பதற்குள் பேட்டரி செத்துவிடும்.

ஸ்காபரோ_தெரு எழுதியது:

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். இவ்வளவு நேரமும் எல்லோரும் வண்டியைப் பற்றியும் உடுப்பைப் பற்றியும் கதைத்தீர்கள், எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வண்டிக்குக் கீழே இருப்பது. பாதை எங்கே போகிறது, காட்டுக்குள்ளாலா, ஏரிக்கு மேலாலா, ஆற்றுக்கு மேலாலா? இதைக் கேட்காமல் காசு கட்டாதீர்கள்.

2020 ஜனவரி 21, கியூபெக்கில் லாக் செயின்ட் ஜான் ஏரி. பிரான்சில் இருந்து வந்த எட்டுச் சுற்றுலாப் பயணிகளும் ஒரு வழிகாட்டியும் இரவில் போனார்கள். குறித்த பாதையை விட்டு விலகி ஏரிக்கு மேலால் போனபோது, தண்ணீர் ஆறாக வெளியேறுகிற பக்கத்தில் பனிக்கட்டி உடைந்தது. ஐந்து பயணிகள் இறந்தார்கள், வழிகாட்டியும் இறந்தார், மூன்று பேர்தான் தப்பி வந்து சொன்னார்கள். அவர்கள் காசு கட்டி, வழிகாட்டியோடு, எல்லாரும் செய்கிற மாதிரித்தான் போனவர்கள். இதை நான் இங்கே ஒவ்வொரு குளிர்காலமும் புதிதாகப் போகிற எங்கட பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன். வழிகாட்டி இருக்கிறார் என்பதாலேயே பனிக்கட்டி தடிக்காது.

கெட்டியான தெளிந்த பனிக்கட்டி என்றால் ஒரு ஸ்னோமொபைலுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று சென்டிமீட்டராவது வேண்டும் என்பது இங்கே சொல்லும் கணக்கு. வெள்ளையாக, பனி கலந்து உறைந்தது என்றால் அதற்குப் பாதிப் பலம்தான். ஓட்டம் இருக்கும் இடம், பாலத்துக்குக் கீழே, ஓடை வந்து சேருமிடம், ஏரியின் வாய், இங்கெல்லாம் பக்கத்தில் இரண்டு அடி தள்ளி இருக்கும் தடிப்பு இங்கே இருக்காது. உங்களால் அதை அளக்க முடியாது. ஆனால் இரண்டு கேள்வி கேட்கலாம்: போகிற பாதை முழுவதும் குறியிட்டுத் திறந்துவிட்ட பாதையா? வழிகாட்டி அதை விட்டு விலகுவாரா? பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள். ஓடும்போது அவருடைய தடத்திலேயே ஓடுங்கள், பக்கத்தில் அழகான வெறும் பனி கிடக்கிறது என்று ஒரு அடி கூட விலகாதீர்கள்.

ஔலுவாசி எழுதியது:

ஸ்காபரோ அண்ணா சொன்னது ரொவானியெமிக்கு நேராகப் பொருந்தும். அங்கே பல டூர் ஊருக்குள்ளிருந்தே கிளம்பி ஆற்றுப் பனிக்கட்டி மேல்தான் போகும். அந்த ஊரில் கெமியோக்கி, ஔனாஸ்யோக்கி என்று இரண்டு ஆறுகள் கூடுகின்றன. கெமியோக்கியில் வரிசையாக நீர்மின் நிலையங்கள், தண்ணீரைத் திறந்து மூடும்போது கீழே மட்டம் மாறிக்கொண்டே இருக்கும். ஔனாஸ்யோக்கியில் அணை கட்டக் கூடாது என்று 1983லேயே சட்டம் போட்டுவிட்டார்கள், அது தன் போக்கில் ஓடும் ஆறு. இரண்டிலும் பாதைக்கு இருபுறமும் குச்சி நட்டு, பரிசோதித்த பிறகுதான் திறப்பார்கள், குச்சிக்கு உள்ளேயே இருக்கும்வரை ஆபத்து குறைவு. மார்ச்சில் பனிக்கட்டி பொதுவாக நன்றாகத் தடித்திருக்கும். ஆபத்து அதிகம் நவம்பர், டிசம்பர் தொடக்கத்திலும், பிறகு ஏப்ரல் கடைசியிலும்.

இன்னொன்று, பின்லாந்தில் யார் காட்டிலும் யாரும் நடக்கலாம், ஆனால் மோட்டார் வண்டிக்கு அந்த உரிமை கிடையாது, நில உரிமையாளர் அனுமதி வேண்டும். அதனால் காட்டில் பாதையை விட்டு விலகுவது ஆபத்து மட்டுமல்ல, சட்டத்துக்கும் புறம்பு.

பாதைக்கு ஓரத்துப் பனி இறுகாமல் மெத்தென்று இருக்கும், ஒரு ஸ்கீ அதில் இறங்கினால் வண்டி முழுவதையும் இழுத்துக்கொண்டு போகும். மல்லுக்கட்டாதீர்கள். விரலை எடுங்கள், நிறுத்துங்கள், கையைத் தூக்குங்கள், வழிகாட்டி வந்து எடுத்துத் தருவார், அது அவருக்குத் தினசரி வேலை. அவர் எடுக்கும்போது பட்டைக்குப் பின்னால் நிற்காதீர்கள், பனிக்கட்டித் துண்டு கல் மாதிரி பறந்து வரும்.

ஃபின்மார்க்_மகன் எழுதியது:

வடநோர்வேயில் இருந்து. எங்கள் அப்பா எண்பதுகளில் இங்கே மீன் ஆலை வேலைக்கு வந்தவர், நான் இந்தப் பனியிலேயே வளர்ந்தவன். நோர்வேயையும் யோசிப்பவர்களுக்காகச் சிலது சொல்கிறேன். இங்கே 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநிலத்தில் மோட்டார் வண்டி ஓட்டுவது பொதுவாகத் தடை, திறந்துவிட்ட பாதைகளில் மட்டும்தான் பொழுதுபோக்குக்கு ஓட்டலாம். அதனால்தான் வடநோர்வேயின் த்ரோம்சோ நகரில் முன்பதிவு செய்தால் பேருந்தில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் உட்பகுதிக்குக் கூட்டிப் போவார்கள். 'ஏழு மணி நேர டூர்' என்று போட்டிருப்பதில் வண்டி மேல் இருப்பது இரண்டு மணி நேரம் இருந்தாலே அதிகம். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதிவரை அங்கே சூரியனே எழாது, எல்லா டூரும் மங்கல் வெளிச்சத்தில்தான்.

குடித்துவிட்டு ஓட்டுவதற்கு இங்கே வரம்பு 0.2 புரோமில் (ரத்தத்தில் ஆயிரத்தில் 0.2 பங்கு ஆல்கஹால்), பின்லாந்தில் 0.5. முதல் நாள் இரவு தாமதமாகக் குடித்தவருக்குக் காலையில் கூட அது தாண்டியிருக்கும். சில இடங்களில் ஊதிக் காட்டிய பிறகுதான் சாவி.

நோர்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டுக்குப் போகிறவர்கள் கவனிக்க: அங்கே வழிகாட்டி துப்பாக்கி எடுத்துக்கொண்டுதான் வருவார். 2025 ஜனவரி முதல் துருவக்கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர், மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கரடியைக் கிட்டப் பார்க்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். முதல்முறை ஓட்டுகிறவர்களுக்கு அந்த ஊர் நான் சொல்லமாட்டேன், தூரம் அதிகம், உடம்பு தாங்காது.

டென்வர்க்காரன் எழுதியது:

அமெரிக்கப் பக்கமிருந்து சுருக்கமாக. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் குளிர்காலத்தில் வழிகாட்டி இல்லாமல் சும்மா நுழைய முடியாது, வணிக வழிகாட்டி வேண்டும் அல்லது குலுக்கலில் அனுமதி கிடைக்க வேண்டும். குழுவுக்கு அதிகபட்சம் பத்து வண்டி, வேகம் மணிக்கு 35 மைல், சத்தமும் புகையும் குறைந்த வண்டிகள் மட்டும். மேற்கு வாசலிலிருந்து ஓல்ட் ஃபெயித்ஃபுல் என்ற பீறிடும் வெந்நீர் ஊற்றுக்குப் போக 30 மைல், சமமான சாலை மேல் பனி இறுக்கியது. பாதை அகலம், மரத்தில் மோதும் பயம் குறைவு, அதனால் முதல்முறைக்கு நல்ல இடம். சாலையில் காட்டெருமை நின்றால் வழிகாட்டி சொல்லும்வரை அசையக் கூடாது.

கொங்குப்பயணி எழுதியது:

ஸ்காபரோ அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி மனைவியிடம் காட்டினேன், அவள் கேட்ட முதல் கேள்வி, வானிலை மோசமாக இருந்தால் பணம் போய்விடும் என்று அவர்கள் நம்மைக் கூட்டிப் போய்விடமாட்டார்களா? அப்புறம் காப்பீடு. பயணக் காப்பீடு எடுத்திருக்கிறேன், வண்டி உடைந்தால் அது கொடுக்குமா?

மலைமுகடு எழுதியது:

வானிலை பற்றி நான் சொல்கிறேன். 2020 ஜனவரி 7, ஐஸ்லாந்தில் லாங்யோக்குட்ல் பனிப்பாறை. மஞ்சள் எச்சரிக்கை இருந்த நாளில் ஸ்னோமொபைல் டூர் கிளம்பியது, புயலில் 39 சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள், குழந்தைகளும் இருந்தார்கள், மீட்புக் குழுக்கள் இரவோடு இரவாகப் போய்த்தான் எடுத்து வந்தன. அதனால் உங்கள் மனைவி கேட்டது மிகச் சரியான கேள்வி. முன்பதிவுக்கு முன்னால் ரத்து விதியைப் படியுங்கள்: வானிலையால் அவர்கள் ரத்து செய்தால் முழுப் பணமா, வேறு தேதியா? நீங்கள் பயந்து பின்வாங்கினால் என்ன? முந்தின நாள் அந்த நாட்டு வானிலைத் துறை என்ன சொல்கிறது என்று நீங்களே பாருங்கள், எச்சரிக்கை இருந்தால் காலையில் அவர்களிடம் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். டூரைப் பயணத்தின் கடைசி நாளில் வைக்காதீர்கள், ரத்தானால் தள்ளிப்போட ஒரு நாளாவது கையில் இருக்க வேண்டும். கடைசி நாளாக இருந்தால் நாமே 'எப்படியாவது போய்விடலாம்' என்று அவர்களை நெருக்குவோம்.

காப்பீடு: நம் ஊர்ப் பயணக் காப்பீடுகளில் பல, மோட்டார் குளிர்கால விளையாட்டைச் சாகச விளையாட்டு என்று சொல்லி விலக்கிவிடும். ஆவணத்தில் 'ஸ்னோமொபைல்' என்ற பெயர் வெளிப்படையாக இருக்கிறதா என்று தேடுங்கள். முகவர் வாயால் சொல்வது போதாது. மருத்துவச் செலவு ஒன்று, வண்டிக்கு ஆகும் சேதம் வேறொன்று. சேதத்துக்கு உங்கள் பொறுப்பு இவ்வளவு என்று ஒரு தொகைக்குக் கையெழுத்து வாங்குவார்கள், சில நூறு யூரோவிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் போகும். கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் அந்தத் தொகை குறையும், முதல்முறை ஓட்டுகிறவர்கள் அதைக் கட்டிவிடுவது நல்லது. என் நண்பர் ஒருவர் முன் வண்டியில் மெதுவாகத்தான் இடித்தார், தன் வண்டிக்கு ஒன்று, இடிபட்ட வண்டிக்கு ஒன்று என்று இரண்டு முறை அந்தத் தொகையைக் கேட்டார்கள். 'ஒரு விபத்துக்கா, ஒரு வண்டிக்கா' என்று முன்னாலேயே கேளுங்கள். கிளம்பும் முன் உங்கள் வண்டியை நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

ஔலுவாசி எழுதியது:

மலைமுகடு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எந்த டூர் எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். காலை டூர் எடுங்கள். இரவில் பாதையைச் சமப்படுத்தி வைத்திருப்பார்கள், காலையில் இறுகி வழவழவென்று இருக்கும், மதியத்துக்குள் நூறு வண்டி ஓடி அலை அலையாக மேடு விழுந்துவிடும், அதில்தான் இடுப்பு போகும். நான்கு மணி நேரம் முதல்முறைக்கு அதிகம், கட்டைவிரலும் தோளும் இரண்டாவது மணி நேரத்திலேயே வலிக்க ஆரம்பிக்கும், களைத்த பிறகுதான் தவறு வரும். இரண்டு மணி நேரம் போதும்.

வழிகாட்டி ஒருவருக்கு எத்தனை வண்டி என்று கட்டாயம் கேளுங்கள். ஐந்து, ஆறு என்றால் நல்லது. பத்துக்கு மேல் ஒரே வழிகாட்டி, பின்னால் இன்னொருவரும் இல்லை என்றால் நான் என் வீட்டாரை அனுப்பமாட்டேன். ஆங்கிலம் சரியாகப் பிடிபடவில்லை என்றாலும் கை சைகைகளைத் திரும்பச் செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். கை மேலே உயர்ந்தால் நிறுத்து, அதைப் பார்த்ததும் நீங்களும் கையை உயர்த்தி உங்களுக்குப் பின்னால் வருபவருக்குக் கடத்த வேண்டும். உங்கள் பின்னால் வருபவர் தெரிகிறாரா என்று அவ்வப்போது திரும்பிப் பாருங்கள். கார் ஓடும் சாலையைக் கடக்கும் இடத்தில் வழிகாட்டி சாலையில் நின்று ஒவ்வொருவராக விடுவார், முன்னவர் போய்விட்டாரே என்று நீங்களாகப் போகாதீர்கள்.

வெண்குதிரை எழுதியது:

இடைவெளி விட்டுப் பாய்வது பற்றி ஔலுவாசி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், குடும்பங்கள் உள்ள குழுவில் அது சரியில்லை. ஆனால் இரண்டு பேர் ஒரு வண்டியில் என்பதை விடத் தனித்தனி வண்டி நல்லது என்பதில் நான் உறுதி. வண்டி லேசாக இருக்கும், சீக்கிரம் கைக்கு வரும்.

பனிமலர் எழுதியது:

அதில் நானும் வெண்குதிரை பக்கம்தான், ஓட்ட விருப்பம் உள்ளவர்களுக்கு. விருப்பம் இல்லாதவரைக் கட்டாயப்படுத்தித் தனி வண்டியில் ஏற்றக் கூடாது, அவ்வளவுதான்.

கொங்குப்பயணி எழுதியது:

மூன்று நிறுவனங்களுக்கு எழுதிக் கேட்டேன். ஒன்று பதிலே போடவில்லை. இன்னொன்று 'கவலைப்படாதீர்கள், எல்லாம் பாதுகாப்பானது' என்று ஒரே வரி. மூன்றாவது நிறுவனம் பாதை எந்த ஆற்றில் எவ்வளவு தூரம், காட்டில் எவ்வளவு தூரம், வழிகாட்டிக்கு ஐந்து வண்டிக்கு மேல் இல்லை, சேதப் பொறுப்பு ஒரு வண்டிக்குத்தான் கணக்கு, மகளோடு ஸ்லெட்டில் அம்மா உட்காரலாம், மைனஸ் 25க்குக் கீழே போனால் குழந்தைகளை ஏற்றமாட்டோம், முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் என்று ஒவ்வொன்றாக எழுதியிருந்தார்கள். அவர்களிடமே காலை இரண்டு மணி நேர டூர் போட்டுவிட்டேன், பயணத்தின் இரண்டாவது நாளில். மாமனாருக்குக் கலைமான் வண்டி, முதலில் முகம் சுளித்தார், படத்தைக் காட்டியதும் சரி என்றுவிட்டார்.

கடைசியாக ஒரு சந்தேகம். நான் கண்ணாடி போடுகிறவன். ஹெல்மெட்டுக்குள் அது என்ன ஆகும்?

பனிமலர் எழுதியது:

புகை மூடின மாதிரி ஆகும், அதுவும் முதல் பத்து நிமிடத்தில். கான்டாக்ட் லென்ஸ் பழக்கம் இருந்தால் அன்றைக்கு அதைப் போடுங்கள். இல்லை என்றால் உலோகச் சட்டம் இல்லாத கண்ணாடியாகப் பார்த்து எடுத்து வாருங்கள், முகமூடித் துணியை மூக்குக்குக் கீழே விட்டு, மூச்சைக் கீழ்நோக்கி விடுங்கள், மூக்கு உறைகிறதா என்று நிற்கும்போதெல்லாம் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இரட்டைக் கண்ணாடி வைத்த முகப்பு உள்ள ஹெல்மெட் இருக்கிறதா என்று கேளுங்கள், சில இடங்களில் சூடாகும் முகப்பும் இருக்கும். உடை கொடுக்கும் அறையில் ரொம்ப நேரம் நிற்காதீர்கள், உள்ளே வியர்த்தால் வெளியே போனதும் அதுதான் கண்ணாடியில் படியும். வழியில் மங்கிவிட்டால் ஓட்டிக்கொண்டே துடைக்கப் பார்க்காதீர்கள், கையைத் தூக்கி நிறுத்துங்கள், வரிசை காத்திருக்கும்.